வீட்டிலேயே சைக்கிள் ஹப் சர்வீஸ்: ஸ்பேனர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கரகரவென்கிறது. வீட்டில் சாதாரண ஸ்பேனர் செட் இருக்கிறது, அது போதாதா?

லாக்நட்டுக்கு, அதாவது கோனை அசையாமல் பூட்டும் வெளி நட்டுக்குப் போதும் தம்பி. ஆனால் ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) பால்ஸை, அதாவது பேரிங் குண்டுகளை, அண்டி நிற்கும் கோனுக்குப் போதாது. கோனில் ஸ்பேனர் பிடிக்கிற இடம் ரொம்ப ஒல்லி, சாதாரண ஸ்பேனர் அதற்குள் நுழையாது, நுனியில் தொற்றிக்கொண்டு வழுக்கும். அதற்கென்று சுமார் 2 மி.மீ. கனத்தில் கோன் ஸ்பேனர் கிடைக்கும், அதை வாங்கு. ஷிமானோ கம்பெனி ஹப் என்றால் பெரும்பாலும் கோன் முன்னால் 13 மி.மீ., பின்னால் 15 மி.மீ., லாக்நட்டு 17 மி.மீ. எதற்கும் அளந்து பார்த்துவிட்டே வாங்கு. நான் முதல்முறை கட்டிங் பிளேயரால் கோனைப் பிடித்துத் திருகி, அதன் முனையை மழுக்கி, கடைசியில் புதுக் கோன் போட வேண்டியதாயிற்று. ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த ஒல்லி ஸ்பேனரால் பெடலைக் கழற்றாதே, வாய் விரிந்துவிடும்.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா சார்?

ஒரு கோன் ஸ்பேனரும் ஒரு 17 சாதாரண ஸ்பேனரும் வைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் முன் ஹப்புக்கு 13 இரண்டு இருந்தால் நிம்மதி: மாட்டி முடித்தபின் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால், இரண்டு பக்கக் கோனையும் பிடித்து வெளிப்பக்கமாகத் திருப்பினால் மயிரிழை தளரும்.

பிரித்ததும் பால்ஸ் எல்லாம் தரையில் ஓடிவிட்டன. எத்தனை இருந்தன என்றே தெரியவில்லை!

அடுத்தமுறை அடியில் பழைய துண்டை விரியுங்கள். வழக்கமான கணக்கு, முன்னால் பக்கத்துக்கு 10, அளவு 3/16 அங்குலம். பின்னால் பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம். கிடைத்தவற்றோடு நாலு புதுசு சேர்த்துப் போடாதீர்கள். தேய்ந்தது சின்னது, புதுசு பெரிசு, பாரம் முழுக்கப் புதுசின் தலையில் விழும். எல்லாவற்றையும் மாற்றுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை. கோனைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பால்ஸ் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரிந்தால் கோனும் போச்சு.

தேங்காய் எண்ணெய் விட்டால் போதாதா?

போதாது அக்கா. ஒரு வாரம் சத்தம் அடங்கும், அப்புறம் மண்ணைப் பிடித்துக்கொண்டு அரைக்கும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, நன்றாகக் காயவிட்டு, லித்தியம் கிரீஸ் போடுங்கள்.

இறுக்கினால் சுற்றவில்லை, தளர்த்தினால் ஆடுகிறது. எங்கே நிறுத்துவது?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கோனைக் கையால் பால்ஸைத் தொடும் வரை திருகி, ஒரு இழை பின்னால் எடுங்கள். கோன் ஸ்பேனரால் கோனை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். பிடிக்காவிட்டால் லாக்நட்டோடு கோனும் சேர்ந்து திரும்பி, நீங்கள் வைத்த அளவு போய்விடும். பிடித்தாலும் கொஞ்சம் மாறத்தான் செய்யும், எனக்கே இன்றுவரை மூன்று நாலு தடவை ஆகிறது. குவிக் ரிலீஸ் சக்கரம் (நட்டுக்குப் பதில் லீவரால் பூட்டுவது) என்றால் கையில் இருக்கும்போது துளி ஆட்டம் இருக்கட்டும், ஏனென்றால் லீவரை மூடும்போது அச்சு அமுங்கி அந்த ஆட்டம் மறையும். சைக்கிளில் மாட்டி, ரிம்மைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். நட்டு போட்ட அச்சுக்கு இந்தச் சலுகை இல்லை, ஆட்டமே இருக்கக் கூடாது.

பின்சக்கரத்தில் செயின் பக்கம் கோனையே காணோம்?

ப்ரீவீலுக்கு (செயின் ஓடும் பின் பல்சக்கரத்துக்கு) உள்ளே ஒளிந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் தொடாமல் இடது பக்கத்தைக் கழற்றி அச்சை வலப்பக்கமாக உருவுங்கள், அளவு வைப்பதும் இடது பக்கம்தான்.

என் ஹப்பில் சீல்டு பேரிங். அதற்கும் கோன் ஸ்பேனர் வாங்கணுமா?

வேண்டாம், காசு மிச்சம். சீல்டு பேரிங்கில் பால்ஸ் ஒரு மூடிய வளையத்துக்குள்ளேயே இருக்கும். பேரிங் ஓரத்தில் 6902 மாதிரி ஒரு எண் இருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். உள்ளே ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள். உள் வளையத்தில் சுத்தியல் பட்டால் புதுப் பேரிங்கும் கரகரக்கும்.