ஜாங் சியாவ்காங் ஓவியங்களில் வரும் சிவப்புக் கோடு எதைக் குறிக்கிறது?

1958இல் சீனாவின் குன்மிங் நகரில் பிறந்து, சிச்சுவான் நுண்கலைக் கல்லூரியில் பயின்ற ஜாங் சியாவ்காங், 1990களில் ‘இரத்த உறவு: பெரிய குடும்பம்’ என்ற எண்ணெய் வண்ண ஓவிய வரிசையைத் தீட்டத் தொடங்கினார். அதில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நூலிழைபோல ஓடும் சிவப்புக் கோடு, பிறப்பால் வந்த உறவையும், மாவோ சேதுங் 1966 முதல் 1976 வரை சீனாவில் நடத்திய அரசியல் இயக்கமான கலாச்சாரப் புரட்சியின் காலத்தில் சமூகம் தனிமனிதர்மேல் சுமத்திய பிணைப்பையும் ஒருசேரக் குறிக்கிறது.

தம் குடும்பத்தின் பழைய புகைப்படங்களைக் கண்டதே இதற்குத் தூண்டுகோல். ஸ்டுடியோவில் “அசையாதீர்கள்” என்றதும், காலையில் வீட்டில் நடந்த சண்டையையும் மறைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே முகத்தோடு நிற்போமே, அந்த விறைப்புதான் இங்கும் இருக்கிறது. ஆனால் சாம்பல் நிற முகங்களில் ஈரமாக மின்னும் கண்களை உற்றுப் பாருங்கள், அடக்கிவைத்த துயரம் அங்கேதான் கசிகிறது என்பேன்.

கன்னத்தில் திட்டாகத் தெரியும் நிறத்தை ஓவியம் பழுதானதன் அடையாளமாகக் கருத வேண்டாம்; அது ஓவியர் வேண்டுமென்றே தீட்டியது.