பழனிக்கு முதல் பாதயாத்திரை: எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: எனக்கு 62 வயது, மதுரையில் இருக்கிறேன். வருகிற தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நடந்து போனதே இல்லை. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. செருப்பில்லாமல் நடப்பதுதான் முறை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மகன் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷூ பார்த்து வைத்திருக்கிறான். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, மதுரை)

பதில்: வெறுங்கால் வேண்டாம் அம்மா. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மெல்லக் குறையும், குறைவதே தெரியாமல் குறையும். வெயில் ஏறிய தார் ரோட்டில் உள்ளங்கால் கொப்பளித்தாலும் ராத்திரி காலைக் கழுவும்போதுதான் கண்ணில் படும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். உங்கள் கால் புண்ணாக வேண்டும் என்று முருகன் கேட்கவில்லை. அடிவாரம் வரை போட்டுக்கொண்டு நடங்கள், அங்கே கழற்றிவிட்டு மலை ஏறுங்கள்.

அதனால் முதல் செலவு செருப்புக் கடையில் இல்லை, டாக்டரிடம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான். உணர்ச்சி குறைந்திருந்தால், நடக்கலாமா, எவ்வளவு தூரம் என்பதை அவரே சொல்லட்டும். போட்டுக்கொள்ள எம்.சி.ஆர். செருப்பும் (மைக்ரோ செல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பரில் செய்தது) அவர் சொல்கிறபடிதான். அதன் மேல்தட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும், அடித்தட்டு வளையாமல் கெட்டியாக இருக்க வேண்டும், பின்னால் வார் இருக்க வேண்டும், ஆணி எங்கும் இருக்கக் கூடாது.

உணர்ச்சி நன்றாக இருக்கிறதென்றால் ஷூ வாங்கலாம். ஆனால் எட்டாயிரம் தேவையில்லை. விலையில் பாதி கம்பெனிப் பெயருக்குப் போகிறது, உங்களுக்கு வேண்டியது முன்பக்கம் அகலம். சாயந்திரம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி இல்லாமல் நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால் விரல் பக்கம் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். “போகப் போக லூஸாகிவிடும்” என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடி வேண்டாம். லூஸாவதற்குள் உங்கள் சுண்டுவிரல் தேய்ந்துவிடும்.

வாங்குவதை மார்கழிக்குத் தள்ளாதீர்கள். மூன்று மாதம் முன்பே வாங்கி, தினமும் அதைப் போட்டுக்கொண்டு நடங்கள். ஹவாய் செருப்பிலேயே பழகிய காலுக்கு ஷூ என்பது புதுப் பழக்கம். நான்கைந்து ஜோடி நல்ல சாக்ஸுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள். சுத்தப் பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே உரசும், கலப்பு நூல் தேவலை. விரல் பக்கத் தையல் தடிப்பாக இருந்தால் வேண்டாம். அப்புறம், கடைகளில் யாரும் சொல்லாத ஒன்று: புடவைக்குள் உள்பாவாடை மட்டும் கட்டி நாள் முழுக்க நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும். உள்ளே ஒரு லெக்கின்ஸ் போதும், வலி மிச்சம்.

தூரத்தையும் யோசியுங்கள். மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாக ஏறக்குறைய அதில் பாதி. எங்கிருந்து என்று சொல்லி வேண்டவில்லையென்றால், முதல் வருஷம் திண்டுக்கல்லில் தொடங்கி மூன்று நாளில் நடப்பதே உங்களுக்குச் சரி. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு 15 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில் குதிகால் என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு.

விடியற்காலை இருட்டில் நடப்பதால் பளிச்சிடும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் ஒன்று கட்டாயம். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

கேள்வி: எங்கள் ஊர்க் குழுவில் தலைக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். ரசீதில் “நன்கொடை” என்று போட்டுத் தருகிறார்கள். பரவாயில்லையா? (வாசகர், சிவகங்கை)

பதில்: அந்த ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 காசு வாங்கிக்கொண்டு செய்கிற சேவைக்குத்தான் பொருந்தும், இலவச சேவைக்குப் பொருந்தாது. நாளைக்குத் தகராறு வந்தால் “அவர் கொடுத்தது நன்கொடை” என்று சொல்லிவிட இடமிருக்கிறது. “பயணக் கட்டணம்” என்று எழுதி, பை ஏற்றும் வண்டி, சாப்பாடு, தங்கும் மண்டபம், திரும்பும் பஸ் எல்லாம் இதில் அடக்கமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பின்தங்கி நடப்பவர்களோடு யார் வருவார், பெண்களுக்குக் கழிப்பறை எங்கெங்கே, பாதியில் முடியாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று இப்போதே கேளுங்கள். பல வருஷம் கூட்டிப்போன குருசாமி என்றால் யோசிக்காமல் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு குழு பாருங்கள்.

கேள்வி: தள்ளுபடியில் வாங்கிய ஷூவின் அடிப்பாகம் இரண்டே வாரத்தில் பிரிந்துவிட்டது. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லைக் காட்டுகிறார்கள். (வாசகர், திருப்பூர்)

பதில்: அப்படி அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீராது. குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது மேற்சொன்ன சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. போட்டோ எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள், அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இன்னொன்று, பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் கடையில் சும்மா இருந்தாலும் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் நைந்துபோகும், தள்ளுபடிக்கு வருவது பெரும்பாலும் பழைய சரக்கு.

கேள்வி: வழியில் குடிக்க ஓ.ஆர்.எஸ். டெட்ரா பாக்கெட் வாங்கி வைக்கலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அந்தப் பெயரில் விற்ற பானங்களில் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானத்தின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் பொடியாகக் கேளுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், பாதியைக் கொட்டி அரை லிட்டரில் குத்துமதிப்பாகக் கலக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்; சாதாரணமாக நடக்கும்போது தண்ணீரும் உப்புப் போட்ட மோருமே போதும்.

அப்படியே வங்கிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 20 ரூபாய்தான், 70 வயது வரை சேரலாம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். நெடுஞ்சாலை ஓரமாக நடக்கப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.