சாயப்பட்டறைக்குப் பின் ஒரு கேமரா: நிலக்காட்சி ஒளிப்படம் குறித்த கேள்வி பதில்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 28 ஆண்டுகள் டையிங் மாஸ்டராக இருந்துவிட்டு, 53ஆம் வயதில் நிலக்காட்சிப் படங்களுக்கு வந்தவன் நான். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ஈரோட்டில் ஒரு வங்கியில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு. இந்த வயதில் தொடங்கினால் இளைஞர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா?

பதில்: மலையேறுவதில் முடியாது, பார்ப்பதில் முடியும். டியூப்லைட்டில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறு வேறு ஷேடாகத் தெரிவது எங்கள் தொழிலில் அன்றாடத் தலைவலி. அதனால்தான் 6500 கெல்வின் பகல் ஒளி கொண்ட லைட் பாக்ஸில் ஒருமுறையும், கடை விளக்கில் மறுமுறையும் பார்த்த பிறகே சாம்பிளை அனுப்புவோம். நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் இருக்கிறது என்பதைக் கேமரா வாங்கும் முன்பே பட்டறை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஆயிரக்கணக்கான கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்த உங்கள் கண்ணுக்கும் அப்படி ஒரு பழக்கம் இருக்கும். அதைப் பட்டறையிலோ வங்கியிலோ விட்டுவிட்டு வரவேண்டியதில்லை.

கேள்வி: அண்ணா, பல்லடம் பக்கம் எல்லாம் வறண்ட காடுதானே? ஊட்டிக்கோ வால்பாறைக்கோ போகாமல் எதை எடுப்பது?

பதில்: அம்மணி, நானும் முதல் இரண்டு ஆண்டுகள் ஊட்டிக்குத்தான் ஓடினேன். கொண்டுவந்த படங்கள் எல்லாம் காலண்டரில் ஏற்கெனவே பார்த்தவையாக இருந்தன. பிறகு காங்கயம் அருகே ஒரே ஒரு கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு, ஓர் ஆண்டு முழுவதும் போய்வந்தேன். கிளுவை வேலி, வெளிறிய பட்டையுடைய வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், மேயும் மாடுகள். இவ்வளவுதான் அங்கே இருந்தவை. ஐப்பசி மழைக்குப் பச்சையாகும் அந்தப் புல் பங்குனியில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்த மாதம் ஆடி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று மேகத்தை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்ட அந்த மேகங்கள் துண்டு துண்டாக ஓடும்போது, வெயிலும் நிழலும் மாறி மாறிக் காட்டின்மீது நகர்கின்றன. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இதே காற்றை நம்பித்தான். புல் அசைந்துகொண்டே இருப்பதால் டிரைபாடு மட்டும் போதாது. ஷட்டர் வேகத்தையும் கூட்டவேண்டும், அல்லது அசைவையே படமாக்கத் துணியவேண்டும். நிலத்துக்காரரிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். திறந்த வேலிப் படலை மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்குவது?

பதில்: பழையது போதும். 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000க்கு 4000 படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். மிச்சப்படும் பணத்தில் கனமான டிரைபாடு வாங்குங்கள்.

கேள்வி: நம் ஊரில் இதைக் காசு கொடுத்து வாங்குவார்களா?

பதில்: குறைவாகத்தான் வாங்குவார்கள்; ஓய்வூதியத்தை நம்பி இதைச் செய்யுங்கள், இதை நம்பி ஓய்வூதியத்தை விடாதீர்கள். பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் அச்சிட்டு, பத்துப் பிரதி என்று எண் போட்டால் பதினோராவது பிரதி வரவே கூடாது. முதல் தொகுப்பை நான் கம்ப்யூட்டர் திரையின் பளிச்சென்ற வெளிச்சத்தை மட்டும் நம்பி அச்சிட்டேன். வாங்கியவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியபோது வெள்வேலம் கரிக்கட்டையாகத் தெரிந்தது. 28 ஆண்டுகள் ஷேடு பார்த்தவன் செய்யக்கூடாத பிழை அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது படம் தொங்கப்போகும் சுவரின் வெளிச்சத்தில் சிறு துண்டு ஒன்றை அச்சிட்டுப் பார்த்த பின்பே முழுப் படத்தையும் அச்சிடுகிறேன்.

கேள்வி: ஒரு ஓட்டல்காரர் பணம் கொடுத்துத் தமக்காகப் படம் எடுக்கச் சொல்கிறார். அதை நான் மற்றவர்களுக்கும் விற்கலாமா?

பதில்: எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவர்தான். நீங்களாக எடுத்து வைத்திருந்த படத்தின் ஒரு பிரதியை அவருக்கு விற்றால் உரிமை உங்களிடமே இருக்கும். நான் எப்போதும் இரண்டாவது வழியில்தான் விற்கிறேன்.