டாக்டரிடம் கேளுங்கள்: ஷாக்வேவ் (அதிர்வலை) சிகிச்சை ஆண்மைக் குறைவைத் தீர்க்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒன்பது வருடமாகச் சுகர். இரண்டு வருடமாக உறவின்போது விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். முதலில் நன்றாகக் கேட்டது, இப்போது பாதிதான் கேட்கிறது. கோவையில் ஒரு சென்டரில், ஆபரேஷன் இல்லை, ஊசி இல்லை, ஷாக்வேவ் கொடுத்தே சரியாக்கிவிடலாம் என்கிறார்கள். 12 சிட்டிங், ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இந்த மாதமே கட்டினால் சலுகை உண்டாம். முன்பு போல குடோன் மாடிப்படி ஏற முடியவில்லை, நெஞ்சை லேசாக அடைக்கிறது. வயதாகிவிட்டது போலிருக்கிறது. பணத்தைக் கட்டலாமா டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: பணம் கட்ட வேண்டாம். அந்த மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். நாளையே ஒரு இதய மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

விறைப்பைப் பற்றிக் கேட்டால் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எனக்குக் கவலை தந்தது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த மாடிப்படி விஷயம்தான். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர். சுகரும் கொழுப்பும் சிகரெட்டும் ரத்தக் குழாயைக் கெடுக்கும்போது, சிறிய குழாய்தான் முதலில் திணறும். பலருக்கு விறைப்புக் குறைந்து இரண்டு மூன்று வருடத்தில் இதயக் கோளாறு தலைகாட்டுகிறது. உங்களுக்கு விறைப்பு குறைந்து இரண்டு வருடம் ஆகிறது, இப்போது படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது. இதை வயதின் மேல் போடாதீர்கள். ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் ட்ரெட்மில் சோதனை, எதெல்லாம் வேண்டும் என்று அவர் சொல்வார். அதற்குள் சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடைத்தாலோ, வலி இடது கைக்குப் பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்கும் காரணம் இதுதான். விறைப்புக்குப் போடும் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரை நல்ல மருந்து. 1998-ல் வந்ததிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்துகிறார்கள், நானும் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதுவும் உடம்பில் ஒன்றாகச் சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் இதுவரை என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை இதய மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். என்னிடம் வருபவர்களில் பலர் நீர்க்கடுப்பு, இடுப்பு வலி என்று எதையாவது பேசிவிட்டு, எழுந்து கதவு வரை போய்த்தான் "டாக்டர், இன்னொண்ணு..." என்று திரும்புவார்கள். அங்கே நீங்கள் உட்கார்ந்ததுமே இதைச் சொல்லிவிட வேண்டும்.

சரி, ஷாக்வேவுக்கு வருவோம். இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். இஸ்ரேலில் ஹைஃபாவைச் சேர்ந்த யோரம் வார்டி குழுவினர் 2010-ல் இதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாத்திரைக்கு ஓரளவு பலன் கண்டிருந்த 20 பேருக்கு, ஆணுறுப்பில் ஐந்து இடங்களில் இடத்துக்கு 300 வீதம் ஒரு தடவைக்கு 1,500 அதிர்வலைகள். மூன்று வாரம் கொடுத்து, மூன்று வாரம் இடைவெளி விட்டு, மறுபடி மூன்று வாரம். மொத்தம் 12 தடவை. உங்களிடம் சொன்ன 12 சிட்டிங் கணக்கின் மூலம் இதுதான். மெல்லிய அதிர்வு பட்ட இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கத் தூண்டுதல் கிடைக்கிறது என்பது இதன் அடிப்படை. அதன்பிறகு, அலை வராத போலிக் கருவி வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்தன. சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஐரோப்பிய வழிகாட்டுதல் லேசான, ரத்த ஓட்டக் குறைவால் வரும் பிரச்சினைக்கு இதைப் பயன்படுத்தலாம் என்கிறது, அதையும் அழுத்திச் சொல்லவில்லை. அமெரிக்க யூராலஜி (சிறுநீரியல்) சங்கம் 2018-ல் இதை ஆராய்ச்சி நிலையில் இருக்கும் சிகிச்சை என்றே வகைப்படுத்தியது. பலன் கிடைத்தவர்களிலும் பலருக்கு ஓரிரு வருடத்தில் அது மங்கிவிடுகிறது. ஒன்பது வருடச் சுகர், மாத்திரையே பாதிதான் கேட்கிறது என்னும் உங்கள் நிலையில் நரம்பும் கெட்டிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் இதில் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

கருவியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குதிகால் வலிக்கு பிசியோதெரபி சென்டர்களில் வைத்திருக்கிறார்களே, கைப்பிடிக்குள் காற்றழுத்தத்தில் ஒரு சிறு உலோகக் குண்டு முன்னும் பின்னும் ஓடி முனையில் 'டக் டக்' என்று மோதும், அதை ரேடியல் கருவி என்பார்கள். அதிலிருந்து வருவது உண்மையான அதிர்வலை இல்லை, தோலுக்கு அடியில் பரவிப்போகும் அழுத்த அலை. ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது வேறு வகைக் கருவி. பல இடங்களில் ரேடியல் கருவியை வைத்துக்கொண்டு மற்றக் கருவியின் ஆய்வு முடிவைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். பின்னாளில் எங்கே போனாலும் கருவி எந்த வகை, கையாள்பவர் யூராலஜிஸ்டா (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவரா), என் மூன்று மாத சராசரி சர்க்கரையைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். சோதித்துப் பார்க்காமலே பேக்கேஜ் விலை சொன்ன இடத்துக்குப் போகாதீர்கள்.

இதயம் சரி என்று தெரிந்த பிறகு ஒரு யூராலஜிஸ்டைப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), கொழுப்பு, ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) பார்க்கச் சொல்வார். பிரஷருக்குப் போடும் சில மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கும். அப்படி ஏதாவது போட்டால் நீங்களாக நிறுத்தாமல், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். முறையான அளவில், முறையான நேரத்தில் போட்டாலே பழைய மாத்திரை மறுபடி வேலை செய்வதுண்டு. நிறையப் பேர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டுக் கேட்கவில்லை என்பார்கள். அதுவும் போதவில்லையென்றால் உறுப்பில் போடும் ஊசி, வெற்றிடப் பம்பு, கடைசியாக ஆபரேஷன் செய்து உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் என்று வழிகள் இருக்கின்றன.

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. நான்கு மாதமாக அவருக்கு உறுப்பு மேல்பக்கமாக வளைகிறது, வலிக்கிறது, தொட்டால் கட்டி போலத் தட்டுப்படுகிறது. புற்றுநோயோ என்று இரவெல்லாம் தூங்குவதில்லை. ஷாக்வேவ் கொடுத்தால் நேராகிவிடுமா? 
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெய்ரோனி நோய் போலத் தெரிகிறது. அது புற்றுநோய் இல்லை, இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இருந்தாலும் ஒரு யூராலஜிஸ்ட் கையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். உறுப்பின் உறையில் தழும்பு கட்டி, அந்தப் பக்கம் நீள முடியாமல் வளைகிறது. ஷாக்வேவ் வலியைக் குறைக்க உதவலாம், வளைவை நேராக்காது. வலியும் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே அடங்கிவிடும். முதல் ஒரு வருடம் வளைவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆபரேஷன் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். விறைப்பு இருக்கும்போது மேலிருந்தும் பக்கவாட்டிலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும். சுகரும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரகக் கல்லை ஷாக்வேவ் வைத்து உடைக்கச் சொல்கிறார்கள். இதனால் ஆண்மை போய்விடுமா என்று கேட்கச் சொன்னார். 
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: போகாது. கல் உடைக்கும் அலை முதுகுப் பக்கமாகச் சிறுநீரகத்தைக் குறிவைத்துச் செலுத்தப்படுவது. ஜெர்மனியில் மியூனிக் நகரில் 1980-ல் முதல் நோயாளிக்குச் செய்தார்கள், அதன்பின் உலகம் முழுவதும் நடந்துவருகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். உடைத்த பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம், துகள் இறங்கும்போது வலிக்கலாம். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீரே வராமல் நின்றாலோ, நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.