இஸ்திரிக்காரர் பாத்திரம் ஏன் பரிதாபமாக மட்டும் தெரிகிறது?

நண்பரே, உங்கள் குறும்படத்தின் இஸ்திரிக்காரரைப் பார்த்தவர்கள் ‘பாவம்’ என்று மட்டும் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் விவரித்த காட்சிகளில் அவர் அழுகிறார், கெஞ்சுகிறார், இருமுகிறார். ஒரு சட்டையைக்கூடத் தேய்க்கவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

1948-இல் வெளிவந்த, இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பாருங்கள். சுவரொட்டி ஒட்ட வரும் அந்தோனியோவுக்கு, தாளைச் சுருக்கமில்லாமல் நீவுவதைச் சக தொழிலாளி கற்றுத்தருகிறார். அந்தோனியோவாக நடித்தவர் நிஜத்திலும் ஆலைத் தொழிலாளி. சுவரொட்டி ஒட்டும் அந்த வேலையை நாம் கண்ணால் கண்டுவிட்டதால்தான், அதற்குத் தேவையான சைக்கிள் திருடுபோகும்போது மனம் பதறுகிறது.

உங்கள் ஆளும் பெட்டியில் கரி அள்ளிப் போடட்டும், நீர் தெளித்துச் சூடு பார்க்கட்டும், பட்டுப்புடவையைத் தனியாக எடுத்து வைக்கட்டும். கூலி பாக்கி வைத்தவரிடம் கோபப்படட்டும். பின்னணியில் வரும் அந்தச் சோக வயலினை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.