ஆற்றில் ஸ்டீல்ஹெட், ட்ரவுட் பிடிக்க எந்த இரை நல்லது?

குளிர்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்து ஆற்றங்கரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், ஆளுக்கொரு பதில் வரும். சால்மன் சினை என்பார் ஒருவர், இறால் என்பார் இன்னொருவர், இளஞ்சிவப்பு ஜிக் (தலையில் ஈயம் கோத்து இறகு கட்டிய முள்) தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்பார் மூன்றாமவர். மூன்று பேருமே மீன் பிடித்தவர்கள்தான். அதனால்தான் இரையை நான் கடைசியில் வைப்பேன். மீன் நிற்கிற இடம், அது நிற்கிற ஆழம், அங்கே தண்ணீர் ஓடுகிற வேகம் மூன்றும் கூடிவந்தால் சாதாரண இரைக்கே கடிக்கும். கூடிவராவிட்டால் எதைக் கட்டினாலும் கை வலிதான் மிச்சம்.

ஸ்டீல்ஹெட் தனி இனமல்ல, கடலுக்குப் போய்த் திரும்பும் வானவில் ட்ரவுட். இரண்டுக்கும் அறிவியல் பெயர் ஒன்றே, ஆங்கோரிங்கஸ் மைகிஸ். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்பி, மறுபடியும் வரும். வட அமெரிக்கப் பெருஏரிகளில் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கடலின் இடத்தில் ஏரி, மற்றபடி அதே வாழ்க்கை.

நமக்கு முக்கியமான வித்தியாசம் வேறு. ட்ரவுட் ஆற்றிலேயே குடியிருப்பது, நாள்தோறும் மேய்கிறது. ஸ்டீல்ஹெட் வழிப்போக்கன், அதிலும் குளிர்காலத்தில் வருவது பெரிதாகச் சாப்பிடுவதே இல்லை. ஆகவே ட்ரவுட்டைச் சாப்பாட்டு இடத்தில் தேட வேண்டும், ஸ்டீல்ஹெட்டை இளைப்பாறும் இடத்தில்.

அந்த இடம் எப்படி இருக்கும்? இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை ஆழம். ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டம். அடியில் பெரிய கற்கள் இருந்தால் இன்னும் நல்லது. வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் கோடு மேலேயே தெரியும்; நுரையும் சருகும் அதை ஒட்டித்தான் போகும். முதலில் அங்கே வீசுங்கள். மடு முடிந்து தண்ணீர் மறுபடி ஆழம் குறைந்து வேகமெடுக்கும் வால்பகுதியையும் விடாதீர்கள். வேகநீரை ஏறிவந்த மீன் மூச்சு வாங்க நிற்கும் முதல் இடம் அது. கரையோரத்தைத் தாண்டி நடு ஆற்றுக்கு வீசுவதில் பலருக்கு ஒரு பெருமை. விடியற்காலையில், யாரும் இறங்குவதற்கு முன், மீன் முழங்கால் ஆழத்திலேயே நிற்கலாம். காலை நனைக்குமுன் கிட்டத்தில் வீசிப் பாருங்கள்.

முறைகளில், புதிதாகத் தொடங்குபவருக்குத் தக்கை மீன்பிடிப்பைத்தான் சொல்வேன். தக்கைக்குக் கீழே ஈயம், அதற்குக் கீழே ஜிக் அல்லது மீன் முட்டைபோலத் தெரியும் முத்து அளவுப் பிளாஸ்டிக் மணி. இரை அடியைத் தொடாமல் ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் மிதந்து போக வேண்டும். ஆழம் சரியா என்பதைத் தக்கையே சொல்லிவிடும். ஆற்றில் மேல்நீர் வேகம், அடிநீர் மெது. தக்கையின் தலை ஓட்டத்தின் திசையில் சாய்ந்தால் ஈயமோ இரையோ அடியில் உரசிப் பின்தங்குகிறது என்று பொருள், நீளத்தைக் குறையுங்கள். நேராகவோ, தலை லேசாக மேலாற்றுப் பக்கம் சாய்ந்தோ போனால் நல்லது, இரை முன்னே போகிறது. மீன் முதலில் பார்ப்பது இரையை, தக்கையை அல்ல.

அப்புறம் நரம்பு, அதாவது தூண்டில் இழை. தண்ணீரில் படுத்துக் கிடக்கும் நரம்பை ஓட்டம் வில்லாக வளைத்துத் தக்கையை இழுக்கும். அந்த நொடியே இரை இயல்பாகப் போவது நின்றுவிடும். கோலை உயர்த்தி நரம்பைத் தூக்கி மேலாற்றுப் பக்கம் போடுங்கள், தக்கை அசையக்கூடாது. இது ஒன்று கைவந்தால் பாதி வேலை முடிந்தது. தக்கை முழுகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கணம் தயங்கினாலே சுண்டுங்கள். கல்லாக இருந்தால் போகட்டும்.

தக்கை இல்லாமல் ஈயத்தை அடியில் தட்டவிட்டு உருட்டுவது பழைய முறை. டக், டக் என்று கல்லில் தட்டுவது கையில் தெரியும். தட்டல் நின்று, ரப்பர் பேண்டை இழுப்பதுபோல ஒரு மெத்தென்ற கனம் வந்தால் அது மீன். ஈயம் நிறைய போகும், அதற்குத் தயாராக வாருங்கள்.

கரண்டி (கரண்டி வடிவ உலோகத் தகடு), ஸ்பின்னர் (சுழலும் தகடு), ஃப்ளை (இறகால் கட்டிய பொய்ப்பூச்சி) மூன்றையும் ஆற்றின் குறுக்கே வீசி, ஓட்டத்தில் அரைவட்டமாக ஒதுங்கவிடுவது இன்னொன்று. ஒரு வீச்சு, கீழாற்றுப் பக்கம் இரண்டு எட்டு, மறுபடி வீச்சு. இதில் மீன் கவ்வியதும் சுண்டாதீர்கள். அது திரும்பட்டும், முள் தானாகவே வாயோரத்தில் ஏறும். மீன் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் அந்த முதல் இழுப்புக்காகவே இதை விடாமல் செய்பவர்கள் நிறைய, நானும் அதில் ஒருவன்.

ட்ரவுட்டுக்கு வருவோம். அது மேலாற்றைப் பார்த்தபடியே நிற்கும், ஆகவே பின்னாலிருந்து அணுகுங்கள். ஒரு கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளைப் பாருங்கள். அதே அளவு, கிட்டத்தட்ட அதே நிறத்தில் நிம்ஃப் (பூச்சிக் குஞ்சைப்போலக் கட்டிய, மூழ்கும் ஃப்ளை) போட்டால் போதும், பெட்டியிலுள்ள மற்றதெல்லாம் அலங்காரம். மேற்பரப்பில் வட்டம் வட்டமாக அலை எழுந்தால் மட்டும் மிதக்கும் ஃப்ளைக்கு மாறுங்கள்.

கிளம்புமுன் ஆற்று அளவைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீரளவு நிலையங்கள் விநாடிக்கு எத்தனை கன அடி என்று இணையத்தில் காட்டும். மழைக்குப் பிறகு ஏறிய ஆறு இறங்கத் தொடங்கி, நீர் பச்சையாகி, இரண்டு மூன்று அடி ஆழம் கண்ணுக்குத் தெரியும்போதுதான் ஸ்டீல்ஹெட்டுக்கு உச்சம். நீர் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் மீன் நகரச் சோம்பும், இரையை மெதுவாக அதன் முகத்துக்கே கொண்டுபோக வேண்டும். கோடையில் 20 டிகிரியைத் தொட்டால் ட்ரவுட்டை விட்டுவிடுங்கள். வெதுநீரில் ஆக்சிஜன் குறைவு, விடுவித்தாலும் பிழைப்பது கஷ்டம்.

சட்டம் ஆற்றுக்கு ஆறு மாறும். ஓரிகன் மாநிலத்து டெஷூட்ஸ் ஆற்றில் படகிலிருந்தபடி வீசக்கூடாது, இறங்கித்தான் வீச வேண்டும். அங்கேயே வடக்கு அம்ப்குவா ஆற்றில் ஃப்ளைக்கு மட்டுமே அனுமதியுள்ள நீண்ட பகுதி இருக்கிறது. முதுகில் வாலுக்கு முன்னாலுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் பொரித்து வளர்த்து விட்ட மீன். துடுப்பு முழுதாக இருந்தால் பெரும்பாலும் காட்டு மீன், ஆற்றிலேயே பிறந்தது. பெரும்பாலான இடங்களில் விட்டுவிட வேண்டும், வாஷிங்டனில் அப்படி விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரிலிருந்து முழுதாகத் தூக்கவே கூடாது. படமெடுக்க ஆசையென்றால் பாதி உடல் நீரிலேயே இருக்கட்டும். முள்ளின் எதிர்முள்ளை (முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூர்மை) இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம், பல ஆறுகளில் அது கட்டாயமும்கூட. வசந்தகாலத்தில் சரளைப் படுகையில் வெளிறிய, சுத்தமான திட்டு தெரிந்தால் சுற்றிப் போங்கள், அதன் கீழே முட்டைகள் இருக்கலாம்.