இ.பி. லைன் எட்டாத மலை வீட்டுக்கு ஜெனரேட்டர்: கேள்வி பதில்

பழனி மலைப் பக்கம் தோட்டத்து வீடுகளுக்கு வயரிங், ஜெனரேட்டர் வேலை பார்க்கத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. இ.பி. கம்பம் வராத இடத்தில் வீடு கட்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் இரண்டு அறை வீடு. கடையில் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா அண்ணா?

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஆறு, தினம் ஐந்து மணி நேரம்: 270 வாட்-மணி. பி.எல்.டி.சி. ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் ரகம்) இரண்டு, எட்டு மணி நேரம்: 480. சின்ன ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 800 வைத்துக்கொள்ளுங்கள். மிக்சி பத்து நிமிடம்: 100. போன், லேப்டாப் 250. எல்லாம் சேர்த்து 1,900 வாட்-மணி, அதாவது இரண்டு யூனிட்டுக்கும் கீழே. மிக்சியும் ஃபிரிட்ஜும் ஒன்றாக ஓடினால்கூட ஆயிரம் வாட்டைத் தாண்டாது. ஃபிரிட்ஜ் கிளம்பும்போது ஒரு நொடி கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான்.

கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டர் ஒரே நேரத்தில் தாங்கும் சுமையின் அளவு. உங்களுக்கு 3 கே.வி.ஏ. போதும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது கொஞ்ச நேரம் மட்டும் தாங்கும் அளவு. ‘ரேட்டட்’ என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டையும் மறந்துவிடுங்கள். சூடு வேண்டிய வேலையெல்லாம் கேஸிலும் விறகிலும் நடக்கட்டும்.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து வரை ஓட்டுகிறோம். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. ஃபிரிட்ஜிலும் குளிர் சரியாக நிற்பதில்லை. என்ன செய்வது?

நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: ஜெனரேட்டரை வைத்து நேராக வீட்டை ஓட்டாதீர்கள். பேட்டரியை நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாலு பல்பும் ஒரு ஃபேனும் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். அந்த நூறு வாட்டுக்காக இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. கரண்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும், அப்போதுதான் 50 ஹெர்ட்ஸ் வரும். நீங்கள் ஊற்றும் பெட்ரோலில் பெரும்பகுதி இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளத்தான் போகிறது.

24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஏறத்தாழ இரண்டரை யூனிட் நிற்கும். அதற்கு 40, 50 ஆம்பியர் சார்ஜர் போட்டால் இழுவை 1,300 வாட் பக்கம் வரும். இன்ஜினும் ஒழுங்கான சுமையில் ஓடும். காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டால், மறுநாள் காலை வரை சத்தமே இல்லாமல் வீடு ஓடும், ஃபிரிட்ஜும் சேர்த்து. கூரையில் இரண்டு சோலார் பேனல் போட முடிந்தால், வெயில் அடிக்கிற மாதங்களில் ஜெனரேட்டர் பக்கமே போக வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் உறைபனி இறங்கும் இடங்களில் ஒரு கவனம் வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. வெளி ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.

நான் ஏற்கனவே வீட்டு யு.பி.எஸ்., 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய) பேட்டரி வைத்திருக்கிறேன். நாலு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டியும் நிரம்பவில்லையே?

நிரம்பாது. அந்த யு.பி.எஸ். நாள் முழுக்க இ.பி. இருக்கும் வீட்டுக்காகச் செய்தது. அதன் சார்ஜர் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர்தான் கொடுக்கும், ஏறக்குறைய இருநூறு வாட். காலியான பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். சார்ஜரை மட்டும் பெரிதாக்கலாமா என்றால், ஈய பேட்டரி அத்தனை வேகமாக வாங்காது; ஒன்றை அவசரப்படுத்துவதைவிட நாலு பேட்டரிக்குப் பிரித்துக் கொடுப்பதே சரி. எப்படியானாலும் எண்பது சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். அந்தக் கடைசிப் பகுதியைச் சோலாருக்கு விடுங்கள். அப்புறம், ஜெனரேட்டர் கரண்ட்டை யு.பி.எஸ். ஏற்காமல் தட்டிவிட்டால் பின்னால் இருக்கும் சுவிட்சை ‘நார்மல்’ பக்கம் மாற்றிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் வராண்டாவில் வைத்து ஓட்டலாமா? கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

கூடாது அம்மா. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒரு ஐப்பசி மழையில் நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். செட் நனையக் கூடாது என்று திண்ணையில் ஏற்றி வைத்துவிட்டு உள்ளே சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டுக்காரரின் பையன் ‘தலை வலிக்குது’ என்றான். எனக்கும் வலித்தது, குளிர் என்று நினைத்தேன். வாசல்படியில் எப்போதும் குரைக்கிற நாய் எழுந்து இரண்டு அடி வைத்துக் கால் மடங்கி விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எல்லோரையும் மழையிலேயே வெளியே இழுத்தேன்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவிடுக்கு வழியே உள்ளே வந்துவிடும். வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி, நாலு கால் நட்டு மேலே தகரம் மட்டும் போடுங்கள். பக்கச் சுவர் வேண்டாம். படுக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள்.

அப்படியானால் வயர் நீளமாகுமே? 40 மீட்டர் தள்ளி வைக்க இடம் இருக்கிறது.

தாராளமாக வையுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது 1.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரில் கிட்டத்தட்ட 10 வோல்ட் குறையும். 2.5 போட்டால் 6 வோல்ட், 4 போட்டால் 4 வோல்ட்டுக்குள். நான் 4 போடுவேன். பன்றி தோண்டாத ஆழத்தில், குழாய்க்குள் விட்டுப் புதைக்க வேண்டும்.

டெஸ்டர் வைத்தால் இரண்டு வயரிலும் எரிகிறது. ஜெனரேட்டர் கெட்டுவிட்டதா ஐயா?

கெடவில்லை. சின்ன செட்களில் பெரும்பாலும் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, அதனால் இரண்டு பக்கமும் மினுக்கும். ஆனால் இதை அப்படியே விடக் கூடாது. கரண்ட் கசிந்தாலும் அது திரும்பிப் போக வழி இல்லாததால், நீங்கள் காசு போட்டு மாட்டிய ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது. ஜெனரேட்டர் பக்கத்தில் நல்ல எர்த் கம்பி இறக்கி, ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். சில இன்வெர்ட்டர் ரக செட்களுக்கு இது ஒத்துவராது, கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

கொடைக்கானலில் கரும்புகை கக்குகிறது. கீழே வத்தலகுண்டில் ஓட்டியபோது நன்றாக இருந்தது.

மேலே காற்று மெலிது. கார்புரேட்டர் அதே பெட்ரோலைத்தான் ஊற்றுகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. 300 மீட்டர் ஏறினால் மூன்றரை சதவீதம் சக்தி போகும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், ஆகவே ஏறத்தாழ கால்வாசி போய்விடும். மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) சின்னதாக மாற்றினால் புகை நிற்கும், போன சக்தி முழுக்கத் திரும்பாது. அதே ஜெட்டோடு கீழே கொண்டுபோய் ஓட்டினால் இன்ஜின் காய்ந்து சூடேறும், மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

1 எச்.பி. மோட்டார் போட்டதும் இன்ஜின் முக்கி நின்றுவிடுகிறது.

மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு கேட்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை முதலில் போடுங்கள். அதற்கும் நின்றால் 3.5 கே.வி.ஏ.க்குக் குறையாத செட் வேண்டும். தொட்டியை மேட்டில் கட்டினால் வாரம் இரண்டு தடவை ஏற்றினால் போதும்.

மாதம் ஒரு முறைதான் போகிறோம். ஒவ்வொரு தடவையும் கயிறு இழுத்துத் தோள் கழன்றுவிடுகிறது. பெட்ரோல் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நின்றால் பிசுபிசுத்து ஜெட்டை அடைக்கும். கிளம்பும் முன் பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பழைய பெட்ரோலை வைத்திருக்காமல் வண்டியில் ஊற்றிவிடுங்கள். சட்டப்படி ஓர் இடத்தில் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். பிளாஸ்டிக் கேன் வேண்டாம், மூடி இறுகும் இரும்பு கேனில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். இன்ஜின் சூட்டோடு ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

ஆயில் எப்போது மாற்றுவது?

பொதுவாகப் புது செட்டுக்கு முதல் 20 மணி நேரத்தில், அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. குறைவாக ஓட்டினாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மணி காட்டும் மீட்டர் இல்லாத செட் என்றால், ஷெட் தூணில் ஒரு பழைய காலண்டரை மாட்டி, அன்றன்று எத்தனை மணி ஓடியது என்று எழுதச் சொல்வேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் பேனாவையும் கயிற்றில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.